70 விழுக்காடு என்றால் எதில் 70? கிள்ளான் பள்ளத்தாக்கின் மின்சாரத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

எரிசக்தி, சுற்றுச்சூழல் என்று தலைப்பு வந்துவிட்டால் போதும், நம் மாணவர்களின் தாளில் சில வாக்கியங்கள் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். ‘நிலக்கரியைக் கைவிட்டுச் சூரியசக்திக்கு மாற வேண்டும்.’ ‘காற்றாலைகளை நிறுவ வேண்டும்.’ ‘அரசாங்கம் மக்களிடையே விழிப்புணர்வை ஏற்படுத்த வேண்டும்.’ எழுத்துப்பிழை இல்லை, சந்திப்பிழையும் இல்லை. ஆனால் அதை எழுதியது கிள்ளானில் படிக்கும் பிள்ளையா, சேலத்தில் படிக்கும் பிள்ளையா என்று கண்டுபிடிக்க முடியாது. கருத்து விளக்கக் கட்டுரையில் நம் பிள்ளைகள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். கருத்து இருக்கும், விளக்கம் இருக்காது.

இந்தத் தலைப்பில் எல்லாரும் குழம்புகிற ஓர் இடம் உண்டு. ‘2050-க்குள் மலேசியாவின் மின்சாரத்தில் 70 விழுக்காடு புதுப்பிக்கத்தக்க எரிசக்தியாக இருக்கும்’ என்று எழுதுவார்கள். 2023 மே மாதம் அரசாங்கம் அறிவித்த இலக்கு அப்படிச் சொல்லவில்லை. அந்த 70 விழுக்காடு, நாட்டிலுள்ள மின்நிலையங்களின் நிறுவப்பட்ட திறனில். நாம் பயன்படுத்தும் மின்சாரத்தில் எவ்வளவு என்பது வேறு கணக்கு. மலாய் அறிக்கைகளில் ‘காப்பாசித்தி தெர்பாசாங்’ என்று வருவது முதலாவது; ‘பெஞ்சானாஆன்’ என்று வருவது இரண்டாவது. இந்த இரண்டும் பிடிபட்டால், எரிசக்தி மாற்றத்தைப் பற்றிய பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். கணக்குக்குப் போகும் முன், நம் பள்ளத்தாக்கு எப்படி எப்படி எரிபொருளை மாற்றி வந்தது என்று பார்த்துவிடலாம். கதை நம்மவர் ஒருவரிடமிருந்துதான் தொடங்குகிறது.

ரவாங்கில் எரிந்த விளக்கு

1894-ஆம் ஆண்டு. ரவாங் ஈயச் சுரங்கத்தில் மின்னாக்கி ஓடத் தொடங்கியது. நடத்தியவர்கள் இருவர்: லோக் இயூ, கே.தம்புசாமிப் பிள்ளை. மலாயாவில் மின்சாரம் முதன்முதலாகத் தொழிலுக்குப் பயன்பட்டது அங்கேதான். கோலாலம்பூர் மகாமாரியம்மன் கோயிலை நிறுவியவர், பத்துமலை முருகன் கோயிலுக்கு வித்திட்டவர் என்று தம்புசாமிப் பிள்ளையை நமக்குத் தெரியும். தைப்பூசக் கட்டுரைக்கு மட்டும் எடுத்து வைத்திருக்கும் இந்தப் பெயரை எரிசக்திக் கட்டுரையிலும் தாராளமாக எழுதலாம். அடுத்த ஆண்டே, அதாவது 1895-இல், கோலாலம்பூர் ரயில் நிலையத்துக்கு மின்சாரம் வந்தது. 1900-இல் பகாங், ரவூப்பில் தங்கச் சுரங்க நிறுவனம் ஒன்று செம்பாம் ஆற்றில் நீர்மின் நிலையம் கட்டியது. தூய்மையான மின்சாரம் என்பது ஏதோ நேற்று வந்த பேச்சு போலத் தோன்றும். இந்த மண்ணில் அதற்கு 120 வயதுக்கு மேல் ஆகிறது.

ஆனால் நகரம் வளர்ந்தது நிலக்கரியால். ரவாங்குக்கு அருகில் பத்து ஆராங்கில் 1915-இல் நிலக்கரி வெட்டத் தொடங்கினார்கள். மலாயன் கோலியரீஸ் என்ற நிறுவனம். அந்தக் கரிதான் ரயில் இன்ஜினுக்குப் போனது, ஈயச் சுரங்கங்களுக்குப் போனது, மின்நிலையங்களுக்கும் போனது. செங்கல் சூளைகளால் பெயர் பெற்ற பிரிக்பீல்ட்ஸ், ரயில்வேத் தொழிலாளர் குடியிருப்புகளால் தமிழர் பகுதியானது. செந்தூலிலும் அதே கதை. நம் தாத்தாக்கள் பலர் ஓட்டிய, கரி தள்ளிய, பழுது பார்த்த இன்ஜின்களின் வயிற்றில் எரிந்தது பத்து ஆராங் கரி. பிரிக்பீல்ட்ஸை ஒட்டிய பங்சாரில் 1920-களில் நீராவி மின்நிலையம் எழுந்தது. இன்று தெனாகா நேஷனலின் தலைமையகம் இருப்பது அதே பங்சார் சாலையில். 1953-இல் கிள்ளானில் கொனாட் பிரிட்ஜ் மின்நிலையம் வந்தது. கரியும் எண்ணெயும் எரித்துத் தொடங்கி, பிற்பாடு இயற்கை எரிவாயுவுக்கு மாறியது.

1960-இல் பத்து ஆராங் சுரங்கம் மூடப்பட்டது. புகை அதிகம் என்பதற்காக மூடவில்லை. எண்ணெய் மலிவாகக் கிடைத்தது. ரயில்வே டீசல் இன்ஜினுக்குப் போய்க்கொண்டிருந்தது. கரி வாங்க ஆள் குறைந்தது. மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. எரிபொருள் மாற்றம் நல்லெண்ணத்தால் நடந்ததாக வரலாற்றில் பார்ப்பது அபூர்வம். விலை மாறினால் எரிபொருள் மாறும். இன்று சூரியசக்தி இவ்வளவு வேகமாகப் பரவுவதற்கும் தகடுகளின் விலை விழுந்ததே முதல் காரணம், விழிப்புணர்வு அதற்குப் பிறகுதான்.

1995-இல் கொமுட்டர் மின்ரயில் ஓட ஆரம்பித்தது. இப்போது கோலாலம்பூரில் ஏறி கிள்ளானில் இறங்குகிறவர் முகத்தில் கரி படிவதில்லை, சட்டையில் புகை நாற்றம் இல்லை. புகை மறைந்துவிட்டதா? இடம் மாறியது. ரயிலுக்கு மின்சாரம் தருகிற தேசிய மின்கட்டமைப்பில் பெரும்பங்கு இன்னும் கரியும் எரிவாயுவும்தான். அதில் ஒரு பெரிய அடுப்பு, கிள்ளானுக்கு வடக்கே கடலோரத்தில் இருக்கிறது.

காப்பார்

காப்பாரில் உள்ள சுல்தான் சலாஹுடின் அப்துல் அஜிஸ் ஷா மின்நிலையம் 1980-களில் தொடங்கிக் கட்டம் கட்டமாக விரிந்தது. முழுதாக எழுந்தபோது அதன் திறன் 2,420 மெகாவாட். அதில் 1,600 மெகாவாட் நிலக்கரி. அந்தக் காலத்தில் ஏன் மறுபடி கரிக்குப் போனார்கள்? 1973-லும் 1979-லும் உலக எண்ணெய் விலை எகிறியது. நாட்டின் மின்சாரமோ பெரும்பாலும் எண்ணெயை நம்பியிருந்தது. எல்லா முட்டையையும் ஒரே கூடையில் வைத்திருந்த கதை. எனவே 1981-இல் நான்கு எரிபொருள் கொள்கை வந்தது: எண்ணெய், எரிவாயு, நீர், நிலக்கரி. காப்பார் அந்தக் கொள்கையின் பிள்ளை. எண்ணெய், எரிவாயு, கரி மூன்றையும் எரிக்கும் வகையில் அமைக்கப்பட்டது. புதுப்பிக்கத்தக்க எரிசக்தி ‘ஐந்தாவது எரிபொருள்’ என்று பெயர் பெற்றுச் சேர்ந்தது 2000-ஆம் ஆண்டை ஒட்டி.

காப்பாரைப் பற்றி இன்னொரு செய்தி, பலருக்குத் தெரியாதது. அதன் சாம்பல் குளங்கள் வலசை வரும் கடற்கரைப் பறவைகளுக்குத் தங்குமிடம். கடல் ஏறும் நேரத்தில் சேற்று நிலம் மூழ்கிவிட, பறவைகள் கூட்டம் கூட்டமாக வந்து அங்கே உட்காரும். நிலக்கரி நிலையம் என்றால் ‘அழிவு’ என்று மட்டும் எழுதும் மாணவருக்கு இந்த ஒரு காட்சியைச் சொல்லிக் கொடுங்கள். உண்மை எப்போதும் கொஞ்சம் சிக்கலாகத்தான் இருக்கும்.

பத்து ஆராங் கரி நம் காலடியில் கிடைத்தது. காப்பார் எரிக்கும் கரி கப்பலில் வருகிறது. பெரும்பகுதி இந்தோனேசியாவிலிருந்து, மீதி ஆஸ்திரேலியா முதலிய நாடுகளிலிருந்து. தீபகற்ப மலேசியாவின் மின்சாரத்தில் பாதிக்கும் மேல் நிலக்கரியிலிருந்து வந்த ஆண்டுகள் சமீபத்தியவை. ஆக, நம் வீட்டு ஏர்கோன் இன்னொரு நாட்டின் முடிவை நம்பி ஓடுகிறது. 2022 ஜனவரியில் இந்தோனேசியா தன் மின்நிலையங்களுக்குக் கரி பற்றவில்லை என்று ஏற்றுமதியை நிறுத்தி வைத்தது. அதே ஆண்டு உக்ரைன் போர். நிலக்கரி விலை உலகச் சந்தையில் டன்னுக்கு 400 அமெரிக்க டாலரைத் தாண்டியது. இதன் பில் யாருக்கு வந்தது? 2023 ஜனவரியில் நடுத்தர, உயர் மின்னழுத்தத்தில் மின்சாரம் வாங்கும் தொழில் நிறுவனங்களுக்குக் கிலோவாட்-மணிக்கு 20 சென் கூடுதல் கட்டணம் விழுந்தது. வீடுகளை அரசாங்க உதவித்தொகை காப்பாற்றியது. 2025 ஜூலையிலிருந்து எரிபொருள் விலைச் சரிக்கட்டு மாதாமாதம் கணக்கிடப்படுகிறது. மாதம் 600 கிலோவாட்-மணிக்குள் பயன்படுத்தும் வீடுகளுக்கு அது கிடையாது.

‘சுற்றுச்சூழலைப் பாதுகாக்க நிலக்கரியைக் குறைக்க வேண்டும்’ என்பது ஒரு காரணம். ‘நம் பில்லை வேறு நாட்டுச் சந்தை தீர்மானிக்காமல் இருக்க நிலக்கரியைக் குறைக்க வேண்டும்’ என்பது இன்னொரு காரணம். இரண்டாவதை எழுதுகிற மாணவர் குறைவு. என் கணிப்பில் அதுதான் கனமான வாதம், ஏனென்றால் பனிக்கட்டி உருகுவதைப் பார்க்காதவருக்கும் அது புரியும்.

இப்போ கணக்குக்கு வருவோம்

கிலோவாட் என்பது ஒரு நொடியில் எவ்வளவு வேகமாக மின்சாரம் தர முடியும் அல்லது எடுக்க முடியும் என்பதன் அளவு. இதுதான் திறன். கிலோவாட்-மணி என்பது மொத்தமாக எவ்வளவு தந்தோம் என்பது. இது ஆற்றல்; பில்லில் பணம் கட்டுவது இதற்குத்தான். தண்ணீர்க் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். குழாயின் அகலம் திறன். தொட்டியில் சேர்ந்த தண்ணீர் உற்பத்தி. அகலமான குழாய் இருந்தும் ஒரு நாளைக்கு மூன்று நாலு மணி நேரம்தான் தண்ணீர் வந்தால் தொட்டியில் எவ்வளவு சேரும்?

சூரியத் தகடு அப்படிப்பட்ட குழாய். நம் வட்டாரத்து வெயிலுக்கு, மேகமும் மழையும் போக, 1 கிலோவாட் தகடு ஓர் ஆண்டுக்குச் சுமார் 1,300 கிலோவாட்-மணி தரும். ஓர் ஆண்டில் இருப்பது 8,760 மணி நேரம். நாள் முழுக்க ஓடக்கூடிய 1 கிலோவாட் எரிவாயு நிலையம், பராமரிப்பு போகச் சுமாராக ஓடினாலும் 6,000 கிலோவாட்-மணி தந்துவிடும்.

கரும்பலகையில் இதைப் போட்டுக் காட்டலாம். ஒரு கற்பனை நாடு. மொத்தத் திறன் 100 கிலோவாட். அதில் 70 சூரியசக்தி, 30 எரிவாயு.

சூரியசக்தி: 70 × 1,300 = 91,000 கிலோவாட்-மணி
எரிவாயு: 30 × 6,000 = 1,80,000 கிலோவாட்-மணி
மொத்தம்: 2,71,000 கிலோவாட்-மணி

91,000-ஐ 2,71,000-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 34 விழுக்காடு. திறனில் 70, உற்பத்தியில் மூன்றில் ஒரு பங்கு! மலேசியாவின் உண்மை நிலை இப்படியே இருக்கும் என்று சொல்லவில்லை. நம்மிடம் நீர்மின்சாரம் இருக்கிறது, அது சூரியத் தகட்டைவிட நெடுநேரம் ஓடும். எரிவாயு நிலையத்தையும் வேண்டியபோது மட்டும் ஓட்டலாம். ஆனால் 70 என்ற எண்ணைப் பார்த்ததும் ‘பத்து விளக்கில் ஏழு விளக்கு சூரியனால் எரியும்’ என்று எழுதக்கூடாது என்பதற்கு இந்தக் கணக்கு போதும். 2023-இல் வெளியான தேசிய எரிசக்தி மாற்றத் திட்ட வரைவிலும் 2050-க்கான திறனில் பாதிக்கும் மேல் சூரியசக்தி, நிலக்கரி அறவே இல்லை, ஆனால் எரிவாயு கணிசமாக இருக்கிறது. கரி போகிறது, எரிவாயு நிற்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள். கரி எரித்தால் ஒரு கிலோவாட்-மணிக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கரியமில வாயு வெளியேறும். எரிவாயுவுக்கு அதில் பாதி அளவு. குறைவு என்பது உண்மை, தூய்மை என்று சொல்ல முடியாது.

இரவு எட்டு மணி

‘ஏன் சார், அப்போ இன்னும் நிறையத் தகடு போட்டால் ஆச்சு?’ என்று ஒரு பிள்ளை கேட்கும். கேட்க வேண்டும்.

நம் ஊரில் சூரியன் மறைவது மாலை ஏழு மணி வாக்கில். பகலில் அலுவலகங்களும் கடைத்தொகுதிகளும் ஏர்கோன் போடுவதால் பிற்பகலில் மின்தேவை உச்சத்துக்குப் போகும். அந்த நேரத்துக்குச் சூரியசக்தி அருமையான ஜோடி. ஆனால் இரவு எட்டு மணியை ஒட்டி இன்னோர் உச்சம் வருகிறது. வீட்டுக்கு வந்தவர்கள் விளக்கு, தொலைக்காட்சி, அடுப்பு, படுக்கையறை ஏர்கோன் எல்லாம் போடுகிற நேரம். அப்போது எத்தனை ஆயிரம் தகடு இருந்தாலும் உற்பத்தி பூஜ்யம். 2025 ஜூலையிலிருந்து வீடுகளுக்கு உள்ள நேரவாரிக் கட்டணத் திட்டத்தில் வார நாள்களின் உச்ச நேரம் பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 மணி வரை. காலை நேரம் மலிவு. இந்த அட்டவணையை உற்றுப் பார்த்தால் மின்கட்டமைப்பின் தலைவலி எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

பகல் மின்சாரத்தை இரவுக்குச் சேமிக்க மின்கலம் வேண்டும். எரிசக்தி ஆணையம் தீபகற்பத்தில் மின்கலச் சேமிப்புக்கு ஏலம் விட்ட அளவு 400 மெகாவாட், 1,600 மெகாவாட்-மணி. மேலே படித்த இரண்டு அளவுகளும் ஒரே வரியில் வந்திருக்கின்றன, பாருங்கள். 1,600-ஐ 400-ஆல் வகுத்தால் நான்கு. அதாவது முழு வேகத்தில் நான்கு மணி நேரம் தாங்கும். மாலை ஏழிலிருந்து இரவு பதினொன்று வரை. அதற்குப் பிறகு?

நீர்மின்சாரம் இரவிலும் வரும். அதற்கும் ஒரு விலை இருக்கிறது. சரவாக்கின் பாக்குன் அணை 2,400 மெகாவாட். அளவில் காப்பாருக்குச் சமம். அந்த அணைக்காக ஏறத்தாழ 10,000 பூர்வகுடி மக்கள் சுங்கை ஆசாப்புக்கு இடம்பெயர்க்கப்பட்டார்கள். தோட்டத்தை விட்டு வெளியேறிய தலைமுறையைக் கண்ட நமக்கு, வீட்டையும் கல்லறையையும் விட்டுப் போவது என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை.

காற்றாலையைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாட்டு வழிகாட்டி நூல்களைப் பார்த்து நம் மாணவர்கள் ‘காற்றாலைகளை நிறுவ வேண்டும்’ என்று எழுதிவிடுகிறார்கள். கன்னியாகுமரி மாவட்டம் முப்பந்தலில் மலைக்கணவாய் வழியே காற்று பாய்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றில் தமிழ்நாட்டுக் காற்றாலைகள் இரவு பகலாகச் சுழலும். அங்கே அது சரியான யோசனை. நிலநடுக்கோட்டை ஒட்டிய நமக்கு ஆண்டின் பெரும்பகுதி மெல்லிய காற்றுதான். ஷா ஆலாமில் காற்றாலை வைத்தால் குருவி உட்காரத்தான் பயன்படும். சூரியசக்தி விஷயத்தில் தமிழ்நாட்டோடு ஒப்பிடலாம்: ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-இல் 648 மெகாவாட் சூரியமின் பூங்கா திறக்கப்பட்டது, கட்டிய காலத்தில் உலகின் மிகப் பெரிய பூங்காக்களில் ஒன்று.

தேவை நிற்காமல் ஓடுகிறது

இதுவரை பேசியது எரிபொருளை மாற்றுவது பற்றி. மாற்றிக்கொண்டிருக்கும்போதே தேவை கூடிக்கொண்டே போகிறது என்பதுதான் பெரிய சிக்கல்.

தீபகற்பத்தின் உச்ச மின்தேவை 2024-இல் முதன்முறையாக 20,000 மெகாவாட்டைத் தாண்டியது. சூடு ஒரு காரணம். இன்னொன்று தரவு மையங்கள். ஜொகூரிலும் நம் சைபர்ஜெயாவிலும் வரிசையாக எழுகின்றன. 100 மெகாவாட் எடுக்கும் ஒரு தரவு மையம் இரவு பகல் ஓய்வில்லாமல் ஓடினால் ஆண்டுக்கு 876 மில்லியன் கிலோவாட்-மணி. மாதம் 400 கிலோவாட்-மணி பயன்படுத்தும் வீட்டுக்கு ஆண்டுக்கு 4,800. வகுத்துப் பாருங்கள்: ஒரு கட்டடம், 1,82,500 வீடுகள்! நாம் கைப்பேசியில் கேட்கிற கேள்விக்குப் பதில் வருவதும் இப்படி எங்கோ ஒரு கட்டடத்திலிருந்துதான்.

உலகமும் இதே பாட்டைத்தான் பாடுகிறது. அனைத்துலக எரிசக்தி முகமையின் கணக்கில் 2024-இல் உலக மின்தேவை 4.3 விழுக்காடு கூடியது. அதே ஆண்டில் உலக மின்சாரத்தில் நீர், காற்று, சூரியன், அணு முதலியவற்றின் பங்கு 40 விழுக்காட்டைத் தாண்டியது. நல்ல செய்தி. அதே ஆண்டில்தான் உலகம் அதுவரை இல்லாத அளவுக்கு நிலக்கரியையும் எரித்தது, ஏறக்குறைய 8.8 பில்லியன் டன். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் போலத் தெரியும். பங்கு கூடுவதும் அளவு குறைவதும் வேறு வேறு. சோற்றோடு காய்கறியும் நிறைய எடுத்துக்கொண்டால் தட்டில் காய்கறியின் பங்கு கூடும். சோறு குறைந்ததாக ஆகாது. இன்னமும் உலகில் ஏறக்குறைய 700 மில்லியன் பேரின் வீட்டில் மின்சாரமே இல்லை. அவர்களிடம் போய் ‘தேவையைக் குறையுங்கள்’ என்று சொல்ல முடியுமா?

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். மின்சாரமும் எரிசக்தியும் ஒன்றல்ல. மோட்டார்சைக்கிளுக்குப் போடும் பெட்ரோல், சமையல் எரிவாயு, தொழிற்சாலைக் கொதிகலன் எல்லாம் எரிசக்திக் கணக்கில் சேரும். மொத்த எரிசக்தியில் உலகம் இன்னும் சுமார் 80 விழுக்காடு எண்ணெய், கரி, எரிவாயுவைத்தான் நம்பியிருக்கிறது. 40-ஐப் பார்த்து மகிழும் மாணவர் இந்த 80-ஐயும் பக்கத்தில் எழுத வேண்டும்.

யாருக்குக் கூரை இருக்கிறது?

மலேசியாவில் புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சட்டம் 2011-இல் வந்தது. அதற்கான நிதிக்கு நம் மின்கட்டணத்திலேயே 1.6 விழுக்காடு பிடிக்கிறார்கள். குறைவாகப் பயன்படுத்தும் வீடுகளுக்கு விலக்கு. 2016-இல் தொடங்கிய நிகர அளவீட்டுத் திட்டத்தில், கூரையில் தகடு போட்டவர் மிச்ச மின்சாரத்தைக் கட்டமைப்புக்குக் கொடுத்துப் பில்லில் கழித்துக்கொள்ள முடிந்தது. 2019-இலிருந்து ஒன்றுக்கு ஒன்று என்று கழித்தார்கள். 5 கிலோவாட் தகடு மாதம் 500 கிலோவாட்-மணிக்கு மேல் தரும் என்பதால், கிள்ளானில் தரைவீடு உள்ள குடும்பத்துக்கு நல்ல லாபம். அத்திட்டத்தின் மூன்றாவது கட்டம் 2025 ஜூன் 30-உடன் முடிந்தது.

இதில் விடுபட்டவர் யார்? பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியின் எட்டாவது மாடியில் வாடகைக்கு இருப்பவருக்குக் கூரை ஏது? மக்கள் வீடமைப்புத் திட்டக் குடியிருப்பில் ஒரே கூரையின் கீழ் நூற்றுக்கணக்கான குடும்பங்கள். தகடு வாங்கப் பல ஆயிரம் ரிங்கிட் கையில் உள்ளவருக்குப் பில் குறைகிறது. இல்லாதவர் மேலே கரி விலை ஏறினால் அதையும் தாங்குகிறார். கூரையை வாடகைக்கு விடுவது, பொதுக் கட்டடத்தில் தகடு போட்டுச் சுற்றியுள்ள வீடுகளுக்குப் பங்கிடுவது போன்ற யோசனைகள் உலகில் பல இடங்களில் நடைமுறையில் இருக்கின்றன. ‘அரசாங்கம் விழிப்புணர்வை ஏற்படுத்த வேண்டும்’ என்ற வாக்கியத்தின் இடத்தில் ‘அடுக்குமாடிக் குடியிருப்பாளருக்கும் சூரியசக்தியில் பங்கு கிடைக்க வழி செய்ய வேண்டும்’ என்று எழுதினால், அந்தப் பிள்ளை யோசித்திருக்கிறது என்று தாள் திருத்துபவருக்கு உடனே தெரியும்.

கூரை இல்லாதவரைப் போலவே, வேலை போகிறவரும் இந்தக் கணக்கில் உண்டு. பத்து ஆராங்கில் சீனர், இந்தியர், மலாய்க்காரர், ஜாவானியர் என எல்லாரும் வேலை செய்தார்கள். 1937-இல் கூலியும் நல்ல வேலை நிலைமையும் கேட்டு அங்கே நடந்த வேலைநிறுத்தம் மலாயாத் தொழிலாளர் வரலாற்றில் பெரியது. 1960-இல் சுரங்கம் மூடியபோது ஆயிரக்கணக்கானோரின் பிழைப்பு போனது, ஊரும் அடங்கிப்போனது. இப்போது நிலக்கரி நிலையங்களுக்கும் தேதி குறித்தாகிவிட்டது. புதிய நிலக்கரி நிலையம் கட்டுவதில்லை, இருப்பவை 2044-க்குள் மூடப்படும் என்பது அரசாங்கத்தின் நிலைப்பாடு. மூத்த நிலையமான காப்பாரின் முறை முன்கூட்டியே வரும். கரி இறக்கும் துறையில் வேலை செய்பவர், கொதிகலன் பார்ப்பவர், குத்தகைக்குச் சுத்தம் செய்பவர், வாசலில் நாசி லெமாக் விற்பவர் ஆகியோர் பெயர் எந்த மெகாவாட் கணக்கிலும் வராது. கட்டுரையில் ஒரு பத்தி அவர்களுக்கு ஒதுக்கலாம்.

வகுப்பில் செய்ய ஒரு வேலை. ஒவ்வொரு மாணவரும் வீட்டுக் கரண்டு பில் ஒன்றைக் கொண்டு வரட்டும். பெயரையும் கணக்கு எண்ணையும் மறைத்துவிடச் சொல்லுங்கள். அந்த மாதம் எத்தனை கிலோவாட்-மணி, எரிபொருள் சரிக்கட்டு இருக்கிறதா, 1.6 விழுக்காட்டு நிதி பிடித்திருக்கிறார்களா என்று தேடட்டும். பிறகு அந்தக் கிலோவாட்-மணியை 110-ஆல் வகுக்கச் சொல்லுங்கள். 1 கிலோவாட் தகடு மாதத்துக்குச் சராசரியாக அவ்வளவுதான் தரும் என்பதால், விடை அந்த வீட்டுக்கு எத்தனை கிலோவாட் தகடு வேண்டும் என்பது. 330 வந்தால் மூன்று, 880 வந்தால் எட்டு. கடைசியாக, அதில் எவ்வளவை இரவில் பயன்படுத்துகிறார்கள் என்று வீட்டாரிடம் கேட்டு வந்து அடுத்த பாடத்தில் சொல்லட்டும்.